கடாரத்துப் பால்மரக் காடுகளினூடே ஒரு மின்சைக்கிள் யாத்திரை

ஒரு நாட்டைக் காணப் புறப்படுகிறவன் அதை எந்த வேகத்தில் கடக்கிறானோ, அந்த வேகத்துக்குத் தக்க அளவே அந்நாடு தன்னை அவனுக்குக் காட்டுகிறது. பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் காரில் விரைகிறவர் ஒன்றரை மணி நேரத்தில் அலோர்ஸ்டாரை அடைந்துவிடலாம். ஆனால் கெடா மாநிலத்தைப் பற்றி அவர் மனத்தில் தங்குபவை, இருமருங்கும் முடிவின்றி ஓடிய செம்பனைகளின் பச்சைச் சுவரும், மேற்கே நீலமாகத் தோன்றி மறைந்த ஜெராய் மலையுமே. நடந்து பார்க்கலாமென்றால், காலை பத்து மணிக்கே தலையைப் பிளக்கத் தொடங்கும் வெயில் திடகாத்திரமான இளைஞரையும் நிழல் தேடி ஒதுங்கச் செய்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் சைக்கிளின் வேகம். அதிலும், வயது முதிர்ந்தவர்களும் மேட்டு நிலத்தில் மூச்சுவாங்காமல் ஏறிச் செல்லும்படி மின்சாரத்தின் துணை சேர்ந்த சைக்கிள் இந்தப் பூமிக்கென்றே செய்தது போலிருக்கிறது.

பிரான்சு தேசத்தார் இவ்வாகனத்தின் உபயோகத்தை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். அங்கே பூர்கோஞ் பிரதேசத்தில், போன் என்னும் பழைய பட்டணத்திலிருந்து சாந்தனே கிராமம் வரையில், பொம்மார், வோல்னே, மெர்சோ முதலிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, திராட்சைத் தோட்டங்களினூடே சைக்கிள்காரர்களுக்கென்று ஒரு பாதை செல்கிறது. போர்தோவை அடுத்த சாந்தெமிலியோன் முதலிய இடங்களிலும் வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, யாத்திரிகர்கள் மின்சைக்கிளில் பின்தொடர்ந்து, இந்த மேட்டில் சுண்ணாம்பு மண், அந்தச் சரிவில் களிமண், அதனால் இந்தத் திராட்சை ரசத்துக்கு இந்தச் சுவை என்று ஒரு பகற்பொழுது முழுவதும் கேட்டறிந்து திரும்புகிறார்கள். வாகனத்தின் தத்துவம் எளிமையானது. மிதியை அழுத்தும் காலின் முயற்சியை ஓர் உணர்கருவி அறிந்து, மோட்டாருக்குச் சொல்ல, மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கு மேற்படலாகாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் துணை நின்றுவிட வேண்டும். ஆகவே இது உழைப்பைப் பறித்துக்கொள்ளாமல் பகிர்ந்துகொள்ளும் யந்திரம். அத்தகைய சைக்கிளில், அதே முறையில், தமிழராகிய நம்மவர் மூன்று நான்கு தலைமுறைகளாக வியர்வை சிந்திய கெடா மாநிலத்துத் தோட்டப் பிரதேசத்தை ஒரு பகற்பொழுதில் சுற்றிவர வேண்டும் என்ற ஆவலோடு நான் புறப்பட்டேன்.

தைப்பூசம் கழிந்து, மழை ஓய்ந்து, வானம் தெளிந்திருந்த பருவம். சுங்கைப்பட்டாணியின் நடுவீதியில், 1936ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மணிக்கூண்டின் அருகே பொழுது புலருமுன் கூடினோம். எங்களை அழைத்துச் செல்ல வந்த இளைஞர், பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். வாரநாட்களில் தொழிற்சாலையில் வேலை பார்த்து, விடுமுறை நாட்களில் தம் முன்னோர் வாழ்ந்த இடங்களை விருப்பமுள்ளோருக்குக் காட்டிவருகிறார். "ஐயா, வெயில் ஏறுறதுக்குள்ள காட்டுக்குள்ள போயிரணும். மரத்துக்கிட்ட நேரம் கேட்டுத்தான் நம்ம வேலை" என்று அவர் சொன்ன சொல்லில், அவர் காணாத பெரட்டுக்களத்தின் ஒழுங்கு பிறவிச் சொத்தாக இறங்கியிருந்ததை உணர்ந்தேன். விடியுமுன் தப்பு முழங்க, தொழிலாளரின் வரிசைவீடுகளாகிய லயத்து வாசல்களில் விளக்குகள் எரிய, ஆணும் பெண்ணும் பெரட்டுக்குச் சென்று பேர் கொடுத்து, கங்காணி காட்டிய மரநிரைக்கு நடந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. அதைச் சொல்லக்கூடிய வாய்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன.

பட்டணத்தை விட்டு வடக்கே திரும்பியதும் தார்ச்சாலை குறுகிச் செம்மண் சடக்காயிற்று. இந்தப் பூமியில் ரப்பர் வந்த வரலாற்றை இங்கே சுருக்கிச் சொல்லுதல் தகும். பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சாகவிடாமல் அதன் பட்டையை மட்டும் மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டு நிலைநாட்டினார். சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த கெடா, 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயரின் செல்வாக்குக்கு உட்பட்டது. மோட்டார் வாகனங்கள் உலகெங்கும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. ரப்பருக்குக் கைகள் வேண்டியிருந்தன. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் உதவியாலும் கங்காணிமாரின் அழைப்பாலும் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் ஜனங்கள் பினாங்கில் இறங்கி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், கோலக்கெட்டில், பீடோங், குருண் என்று இம்மாநிலத்தின் தென்பாதி முழுவதும் பரவினார்கள். 1938இல் இந்திய சர்க்கார் உதவிக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரையில் அந்த ஓட்டம் நிற்கவில்லை. வந்தவர்கள் நட்ட மரங்களின் பாலே அந்நாளைய உலகத்தின் சக்கரங்களாக உருண்டது.

சடக்கின் ஓரத்தில் ஒரு சிறு தோட்டத்தில் வண்டிகளை நிறுத்தினோம். இலையுதிர் காலம் தொடங்கியிருந்தது. வடமலாயாவில் ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரங்கள் தம் இலைகளைச் செம்பின் நிறத்துக்கும் பின் குருதியின் நிறத்துக்கும் மாற்றி உதிர்க்கின்றன. ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகள் ஐப்பசியில் பூணும் கோலத்தை நம் மரங்கள் தையிலும் மாசியிலும் பூணுகின்றன. பால் குறையும் பருவமாதலால் பலர் உளியை வைத்துவிடுவார்கள். எனினும் அங்கே ஒரு மூதாட்டி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டிலேயே வேலையைத் தொடங்கியிருந்தார். எங்கள் இளைஞர் "ஆயா, இந்த ஐயா பாக்கணுமாம், ஒரு மரம் காட்டுங்க" என்று கேட்டதும், அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மரத்தின் முன் நின்றார்.

அதை நான் நெருங்கி நின்று பார்த்தேன். முதலில், முந்தின வெட்டின் மேல் நாடாவாகக் காய்ந்து படிந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் இட்டார். பால் சொட்டும் கிண்ணமாகிய மங்கில் திரண்டு கிடந்த கட்டிப்பாலை எடுத்துவிட்டு மங்கைத் துடைத்தார். பிறகு உளியின் மடிந்த நுனியைப் பட்டையில் வைத்து, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் சாய்வுக் கோட்டின் மீது, தம் உடம்பையும் மரத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திக்கொண்டே, குறுகுறுவென்று இழுத்து வந்தார். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டை சீவலாக உதிர்ந்தது. பட்டைக்குள்ளே பால்நாளங்கள் நேர்ச்செங்குத்தாக அமையாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடமிருந்து வலமாகத் தாழும் வெட்டே அதிக நாளங்களைத் திறக்கும் என்பது தாவர சாஸ்திரம் கண்ட உண்மை; உளி ஆழ்ந்து உள்ளிருக்கும் வளர்திசுவைத் தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறி, அந்தப் பக்கத்தில் மறுபடி வெட்ட இயலாது போகும். வெட்டிய கோட்டில் வெண்முத்துக்கள் போல் பால் துளிர்த்து, ஒன்றோடொன்று கூடி, கோட்டின் வழியே ஓடி, தகரக் காம்பில் இறங்கி, மங்கில் சொட்டத் தொடங்கியது. "ஆழமா போட்டா இன்னைக்கு நெறைய வரும், நாளைக்கு மரம் இருக்காது" என்றார் அந்த அம்மையார். விடியற்குளிர்ச்சியில் நாளங்களுக்குள் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது குறைந்து பாலின் ஓட்டமும் குன்றும். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் தோட்டத்துப் பிள்ளைக்காப்பகமாகிய ஆயாக்கொட்டகையில் இருட்டோடு விடப்பட்டதற்கும், தாய்மார் தூக்கம் கலையாத கண்களோடு காடேறியதற்கும் காரணம் இந்த மரத்தின் இயற்கையே.

பீடோங் பட்டணத்தில் பசியாறினோம். தேத்தண்ணீரும் பரோட்டாவும் உண்டுகொண்டிருக்கையில், ரசங்களைப் போற்றும் பிரான்சு தேசத்தின் நினைவு வந்தது. அங்கே தோட்டத்தின் கனியிலிருந்து வடித்த மது அத்தோட்டத்தாரின் கீர்த்தி. குடியானவன் தான் வடித்ததைத் தன் பெயரிட்டு விற்கிறான். இங்கோ தோட்டத்தில் மது, உழைப்பாளியின் கூலியை அவன் கைக்கு வந்த நாளிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் உபாயமாக இருந்தது. தென்னங்கள்ளுக்கு லைசென்சு பெற்ற கடைகள் லயங்களுக்கு அருகிலேயே திறந்திருந்தன. கள்ளுக்கு மிஞ்சிச் சம்சு என்ற மலிவுச் சாராயமும் வந்து பல குடும்பங்களைச் சீரழித்தது. இதைக் கண்டு மனம் பொறாத தோட்டத்து மக்களே, வெளியிலிருந்து யாரும் வந்து போதிப்பதற்குக் காத்திராமல், எழுந்து நின்ற பெருமை பீடோங் வட்டாரத்துக்கு உண்டு. ஜப்பானியர் காலம் முடிந்ததும், ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அவர்களின் தலைமையில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் திரண்டு, கட்டுப்பாடான அணிகளாகக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீசாருக்கும் தொழிலாளருக்கும் மோதல் நேர்ந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத உறவினரின் துக்கம் ஆறுமுன்னே, தம் மானத்தையும் தம் குடும்பங்களையும் காத்துக்கொள்ள அவர்கள் எழுந்தார்கள் என்பதை எண்ணும்போது, அந்த எளிய மனிதர்களுக்கு எவ்வளவு வணக்கம் செலுத்தினாலும் தகும். அவர்கள் மறியல் செய்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு எதையும் எங்கள் பாதையில் நான் காணவில்லை.

பீடோங்கைத் தாண்டிய பின் பால்மரங்கள் அருகிச் செம்பனைகள் பெருகின. இலைக்கூரையின் கீழே பச்சை கலந்த ஓர் இருள். பெரணி அடர்ந்த அடிமரங்கள். நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டிக் குலை அறுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். பால்மரத் தோட்டத்துக்கு நாள்தோறும் மனிதக் கை வேண்டும். செம்பனைக்கோ சில நாட்களுக்கு ஒருமுறை குலையை அறுத்தால் போதும். ஆகவே பயிர் மாறியபோது குடிகளும் குறைந்தார்கள். மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்க, வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்து நின்ற தொழிலாளர் பலர். அந்நெருக்கடியில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடமே சிறுசிறு தொகையாகச் சேர்த்து, முதன்முதலாக வாங்கிய தோட்டம் இந்தக் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம். கூலியாக வந்தவன் பங்குதாரனாகலாம் என்று நிரூபித்த அந்த முயற்சி நம் சமுதாய சரித்திரத்தில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்கது.

ஓரிடத்தில் இளைஞர் கையைக் காட்டி நிறுத்தினார். செம்பனை வரிசைகளுக்கு நடுவே, வேறு கட்டடம் எதுவுமின்றி, ஒரு மாரியம்மன் கோயில். அதன் பக்கத்தில் வேம்பு. எதிரே சிமெண்டுத் தரையின் சில துண்டுகள். அத்துண்டுகளே லயம் இருந்ததற்கான அடையாளம். கோயிலின் வாசற்படி பெருக்கிக் கோலமிடப்பட்டிருந்தது. பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோர் ஆண்டுத் திருவிழாவுக்கு மட்டும் இங்கே கூடிப் பொங்கலிட்டு, பழைய அயலாரைக் கண்டு, பிள்ளைகளுக்கு உறவு சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று அவர் சொன்னார். தோட்டத்துக்கு ஆங்கிலத் துரை இட்ட பெயர் வரைபடத்தில் இருக்கும். அதே தோட்டத்துக்கும் அதன் ஒவ்வொரு டிவிசனுக்கும் நம் ஜனங்கள் இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர் கிழவர்களின் நாவில் மட்டுமே இருக்கிறது.

செமிலிங்கை நோக்கிச் செல்லும் வழியில் சரித்திரம் திடீரென்று ஆழப்படுகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டிலிருந்து அகழ்ந்துவரும் சுங்கை பத்து என்னும் இடம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. நேற்று வரையில் தோட்டத் தொழிலாளர் நடந்த மண்ணுக்கு இரண்டடி மூன்றடிக் கீழே செங்கல் தளங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், உலைகளுக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்களின் குவியல்களும் வெளிப்பட்டிருக்கின்றன. ஆற்றங்கரையில் இரும்பை உருக்கி, கட்டியாக்கிக் கப்பலேற்றிய பெரியதொரு தொழில் இங்கே கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளிலேயே நடந்தது என்பது அறிஞர்களின் கணிப்பு. இங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஜெராய் மலையின் அடிவாரத்தில், 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் தெரிகின்றன. உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வைத்தியம் கற்கிறார்கள் என்ற எண்ணம், மிதியை அழுத்தும் காலுக்கு மோட்டாரைவிட அதிகமான பலத்தைத் தந்தது.

மெர்போக்கை அடைந்து, புக்கிட் பத்து பஹாட் என்னும் குன்றின் மீதேறும்போதுதான் மின்சைக்கிளின் உபகாரம் முழுமையாக விளங்கிற்று. உச்சிப்பொழுது, செங்குத்தான ஏற்றம், துணை இல்லாவிட்டால் இறங்கித் தள்ளியிருப்போம். மேலே பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்பொருட்காட்சிசாலையும், அதன் பின்னே, சலசலக்கும் ஒரு மலையருவியின் கரையில், அந்தப் பிரதேசத்தில் சண்டி என்று வழங்கும் பழங்கோயில்களுள் மிகப் பெரியதும் இருக்கின்றன. கர்னல் லோ என்ற ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பள்ளத்தாக்கின் சிதைவுகளைக் குறித்து எழுதினார். ஆராய்ச்சியாளர்களாகிய குவாரிச் வேல்ஸ் தம்பதியர் 1936, 1937ஆம் ஆண்டுகளில் முப்பது இடங்களை ஆராய்ந்தார்கள். அலஸ்டேர் லாம்ப் 1960ஐ ஒட்டி இந்தச் சண்டியைக் கிடந்த கல்லைக் கொண்டே கிடந்த இடத்திலேயே மீண்டும் எழுப்பினார். கருங்கல்லால் அமைந்த அதிஷ்டானம், அதன்மேல் கருவறை, முன்னே மண்டபம், மண்டபத்தில் மரத்தூண்கள் நின்ற குழிகளோடு கூடிய வட்டக் கற்கள், இவ்வளவுதான் எஞ்சியவை. மேற்கூரை மரத்தாலும் ஓலையாலும் ஆனதாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

மலையிலிருந்து கொண்டுவந்த கல்லை இழைத்துப் பொருத்திய அந்தப் பீடத்தின் விளிம்பில் கைவைத்து நின்றபோது, அதன் கோணங்கள் எனக்குப் புதியனவாகத் தோன்றவில்லை. காட்சிசாலையில் இருக்கும் சிறு கல் பேழைகள், கோயில் எழுப்பும்போது கருவறையின் அடியில் பொன்னும் மணியும் நவதானியமும் இட்டுப் புதைக்கும் நம் ஆகம வழக்கத்தையே நினைவூட்டுகின்றன. ஆனால் அதனால் இக்கோயில்களை நம்மவர் வந்து கட்டினார்கள் என்று உரிமை கொண்டாடுவது நியாயமாகாது. கட்டியவர்கள் இந்த மண்ணின் சிற்பிகள். கட்டும் முறையில் இந்த மண்ணின் மரவேலையும் கலந்திருக்கிறது. கடல் கடந்து வந்த தெய்வத்தை அவர்கள் தமதாக்கிக் கொண்டார்கள் என்று கொள்ளுதலே பொருந்தும். வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமிக்கு நெடுந்தொலைவிலேயே கரையை அறிவித்த ஜெராய் மலையும், காற்று மாறும் வரையில் மரக்கலங்கள் தங்கிய மெர்போக் ஆற்று முகமும் சேர்ந்து இந்தத் துறைமுகத்தை உண்டாக்கின. புத்தகுப்தன் என்ற மாநாவிகன் தன் பிரயாணம் கைகூட வேண்டிப் பொறித்த கல் ஒன்று, இதற்குத் தெற்கே செபராங் பிறையில் 1834இல் கிடைத்து, இப்போது கல்கத்தா மியூசியத்தில் இருக்கிறது. அதன் எழுத்து ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பட்டினப்பாலையில் புகாரின் அங்காடிக்குப் பொருள் வந்த இடங்களுள் கூறப்படும் காழகம், பழந்தமிழர் கடாரம் என்று வழங்கிய இந்தக் கெடாவே என்பது பல அறிஞர்களின் துணிபு.

கடாரம் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் எழுவது 1025ஆம் ஆண்டில் இராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படையும் அவன் பெற்ற கடாரங்கொண்டான் என்ற விருதுமே. அந்த வெற்றிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவன் தந்தை இராஜராஜன் காலத்தில், கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விஹாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான். சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். போருக்குப் பின், 1090ஆம் ஆண்டை ஒட்டி, கடாரத்துத் தூதர் வந்து கேட்க, குலோத்துங்கன் அந்தத் தர்மத்தை மீண்டும் உறுதிசெய்தான். வாள் ஒரு முறை வந்தது. வணிகமும் வழிபாடும் பல நூற்றாண்டு வந்துபோயின. நாகப்பட்டினத்தில் கடாரத்தான் கட்டிய விஹாரத்தின் கோபுரம் 1867இல் இடித்துத் தள்ளப்பட்டது. இங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண்ணுடைய சண்டி, வீடு கட்டுவதற்காக நிலத்தைச் சீர்படுத்தியபோது 2013இல் தரைமட்டமாயிற்று; அது இருந்த நிலம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. கடலின் இரு கரையிலும் அந்தப் பழைய உறவு விட்டுச்சென்ற செல்வத்தை இரு கரையாரும் காக்கத் தவறினோம் என்ற வருத்தம் என்னை விட்டு நீங்கவில்லை.

மலையிறங்கி மெர்போக் ஆற்றை ஒட்டிக் கடலை நோக்கிச் சென்றோம். நிலம் தாழ்ந்து வயலாகி, பின் ஆற்றோரம் சதுப்புக் காடாகி, தஞ்சோங் டாவாய் என்னும் மீனவ ஊரில் முடிந்தது. சாலையோரமெங்கும் கருவாடும் நெத்திலியும் காய்கின்றன. அங்கிருந்து ஆற்றின் முகத்தைக் கடந்து பந்தாய் மெர்டேக்கா கரைக்குச் செல்லப் படகு உண்டு. படகோட்டியான மலாய்ப் பெரியவர் எங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். நடு ஆற்றிலிருந்து திரும்பிப் பார்த்தால் ஜெராய் மலை முழு உருவத்தோடு நிற்கிறது. புத்தகுப்தன் போன்ற மாலுமிகள் கடலிலிருந்து கண்ட அதே தோற்றத்தை ஒரு சில நிமிஷ நேரம் நாமும் காணலாம். இந்த வழியில் செல்கிறவர் எவரும் அந்தப் படகுப் பயணத்தைத் தவறவிடலாகாது.

அக்கரையில் கோத்தா கோலமூடாவில் 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையின் நினைவுச்சாலை இருக்கிறது. அலை உடைத்த மீன்பிடி படகுகளை அங்கே ஒருசேர நிறுத்தியிருக்கிறார்கள். அதே தினம், அதே கடலின் மறுகரையில், நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். விஹாரமும் வணிகமும் இணைத்த இவ்விரு துறைகளையும் ஒரே நாளில் ஒரே துயரமும் இணைத்தது. அங்கிருந்து சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பும் சாலை சமநிலம். மாலை இறங்குமுன் புறப்பட்ட இடத்தை அடைந்தோம். பாட்டரியில் இன்னும் மின்சாரம் எஞ்சியிருந்தது.

இப்பிரயாணத்தால் என் மனத்தில் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்றைச் சொல்லுகிறேன். பூர்கோஞ் திராட்சை நிலத்தை 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாடமாளிகைகளுக்காக அந்தச் சிறப்பு வரவில்லை. அங்கே பல நூற்றாண்டாகக் குடியானவர்கள் எல்லை வகுத்துப் பெயரிட்டு வழங்கிய 1,247 சிறு நிலங்களை, ஒன்று விடாமல் பெயரோடும் எல்லையோடும் எழுதிவைத்திருந்ததே அதன் அடிப்படை. சாந்தெமிலியோன் நிலமும் அவ்வாறே 1999இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. பயிரிட்ட நிலமும், அதில் பாடுபட்ட மனிதனின் பழக்கமும் கோயிலுக்கும் கோட்டைக்கும் நிகரான பாரம்பரியமே என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால், இரும்புலையும் கற்கோயிலும் அடியில் கிடக்க, அவற்றின்மேல் பால்மரமும், பால்மரத்துக்குப் பின் செம்பனையும் வளர்ந்து, மூன்று யுகங்களின் உழைப்பை ஒரே மண்ணில் அடுக்கிவைத்திருக்கும் கெடாவின் தோட்டப் பிரதேசம் எவ்வகையில் தாழ்ந்தது? குறைவு நிலத்தில் இல்லை. நாம் எழுதிவைக்காத குறையே அது.

கெடா மாநிலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, தோட்டங்களில் தொடங்கியவை. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டாரத்தில் இருந்த தோட்டங்களின் ஆங்கிலப் பெயரையும் தமிழ்ப் பெயரையும், டிவிசன்களையும், லயங்கள் நின்ற இடத்தையும், கோயிலையும் சுடுகாட்டையும், கள்ளுக்கடைக்கு முன் மறியல் நடந்த சந்தியையும் முதியோரிடம் கேட்டு ஒரு வரைபடத்தில் குறிக்கத் தொடங்கினால், சில ஆண்டுகளில் நமக்கும் ஒரு பட்டியல் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் கொண்டு, எங்களை அழைத்துச் சென்றவரைப் போன்ற இளைஞர்கள் பலர் வழிகாட்டிகளாகப் பயின்றால், பினாங்கில் இறங்கும் யாத்திரிகன் லங்காவிக்கு விரையுமுன் ஒரு நாளை இங்கே செலவிட முன்வருவான். அவர்களுக்கும் அது கௌரவமான ஜீவனமாகும். வாசகர்களில் இவ்வழி செல்ல விரும்புவோர் தை, மாசி மாதங்களில், விடியுமுன் புறப்படுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். போகுமுன், உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் வெட்டிய நிரை எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் இருந்தது என்று கேட்டு, அந்தப் பெயரை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.